காற்றை நம்பலாமா? கட்டடக் கருவிகளைக் கம்பியின்றி இணைத்த வரலாறு



எங்கள் பள்ளியின் புதிய கட்டடத்திற்கு நல்லுள்ளம் படைத்த ஒருவர் தம் செலவில் ஒரு வசதியைச் செய்து கொடுத்தார். நூல்நிலையம், கணினி அறை, மண்டபம் ஆகியவற்றின் விளக்குகளையும் குளிர்சாதனங்களையும் அலுவலகத்தில் இருந்தபடியே இயக்கலாம். அறைக்கு ஒன்றாகத் தீப்பெட்டி அளவில் ஒரு வெப்ப உணரி. சுவரைத் துளைக்கவில்லை, கம்பி இழுக்கவில்லை. கருவிகள் அனைத்தும் காற்றின் வழியாகவே பேசிக்கொள்ளும் என்றார்கள். நீண்ட விடுமுறையின்போது பொருத்திச் சோதித்தார்கள். ஒரு குறையும் தென்படவில்லை.

பள்ளி திறந்த மறுநாளே தொல்லை தொடங்கியது. காலையில் எல்லாம் சரியாக இருக்கும். மாணவர்கள் நிறைந்ததும் நூல்நிலையத்தின் குளிர்சாதனம் நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. கணினி அறையிலோ இயங்கச் சொன்னாலும் இயங்காது. அலுவலகத் திரையில் மட்டும் எல்லாம் நலமே என்பதுபோல் பழைய எண்களே நின்றுகொண்டிருக்கும். முடிவில் பள்ளிப் பணியாளர் ஒவ்வோர் அறையாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று. நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் கதவைத் தட்டி, "மன்னிச்சுக்குங்க டீச்சர், ஏர்கோன் ஓடுதான்னு பாத்துட்டுப் போயிடுறேன்" என்பார். நாற்பது தலைகளும் கதவுப் பக்கம் திரும்பும். பாடத்தின் இழை அறுந்துவிடும்.

இந்தக் காட்சி எனக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டியது. கட்டடக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் வரலாறே இப்படிக் கதவைத் தட்டிய ஒரு பணியாளரிடமிருந்துதான் தொடங்குகிறது. அதையும் அங்கிருந்து இன்றுவரை நிகழ்ந்தவற்றையும் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆசிரியர் ஒருவரின் எரிச்சல்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்னும் ஊரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருந்தது. அங்கே பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். அது குளிர் மிகுந்த நாடு. கட்டடத்தின் அடித்தளத்தில் கொதிகலன் எரியும், அதன் வெப்பம் அறைகளுக்குச் செல்லும். எந்த அறையில் எவ்வளவு வெப்பம் என்பது அடித்தளத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகையால் பணியாளர் அடிக்கடி வகுப்பறைக்குள் வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் பாடம் தடைபடும்.

இதற்குத் தீர்வு காண முனைந்த ஜான்சன் 1883ஆம் ஆண்டு ஒரு மின் வெப்ப உணரிக்குக் காப்புரிமை பெற்றார். அறையின் வெப்பம் குறித்த அளவைக் கடந்தால் அடித்தளத்தில் மணி அடிக்கும். அங்கிருப்பவர் கொதிகலனின் காற்றுக் கதவைத் திறப்பார் அல்லது மூடுவார். 1885இல் ஜான்சன் மில்வாக்கி நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்த எனக்கு, உலகெங்கும் பரவிய ஒரு தொழில் அத்தகைய கல்லூரியின் வகுப்பறை ஒன்றில் பிறந்தது என்பதை அறிந்தபோது பெருமையாக இருந்தது.

இன்னொரு வியப்பும் உண்டு. ஜான்சனுக்குக் கம்பியில்லாத் தந்தியிலும் நாட்டம் இருந்தது. பின்னாளில் வானொலித் துறையில் பெரும்பெயர் பெற்ற லீ டி ஃபாரஸ்ட், 1900ஆம் ஆண்டு வாக்கில் மில்வாக்கியில் ஜான்சனின் கம்பியில்லாத் தந்தி முயற்சியில் சிறிது காலம் பணியாற்றினார். கட்டடக் கட்டுப்பாடும் கம்பியில்லாப் பேச்சும் ஒரே மனிதரின் மேசையில் அருகருகே இருந்தன. எனினும் அவை இரண்டும் ஒன்றாக இணைய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. காற்று வழியாகச் செய்தி அனுப்புவதை விரைவிலேயே கற்றுக்கொண்டார்கள். அச்செய்தி தவறாமல் போய்ச் சேர்ந்ததா என உறுதி செய்வதற்குத்தான் அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

கம்பிகளின் காலம்

இடைப்பட்ட காலத்தில் கட்டடங்களை ஆண்டவை அழுத்தக் காற்றுக் குழாய்களும் மின் கம்பிகளும்தாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணினி நுழைந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்குத் தனக்கெனத் தனி மொழியை வைத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் உணரி மற்றொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியோடு பேசாது. இதனை மாற்ற அமெரிக்க வெப்பமூட்டல் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 1987இல் ஒரு குழுவை அமைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் நியூமன் அதற்குத் தலைமை தாங்கினார். அக்குழு உருவாக்கிய பாக்நெட் என்னும் பொதுமொழி 1995இல் வெளிவந்தது. 2003இல் அது அனைத்துலகத் தரமாகவும் ஆயிற்று.

மொழிச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. கம்பிச் சிக்கல் தீரவில்லை. பழைய கட்டடத்தில் ஓர் உணரியைப் பொருத்த வேண்டுமானால் சுவரைத் துளைக்க வேண்டும், கூரையைப் பிரிக்க வேண்டும், பிறகு பூசி வண்ணம் அடிக்க வேண்டும். கருவியின் விலையைவிடக் கம்பி இழுக்கும் கூலி மிகுதியாகிவிடும்.

இதற்கு ஒரு மாற்றாக ஸ்காட்லாந்தின் கிளென்ரோத்ஸ் நகரில் இயங்கிய பைகோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975இல் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின்சாரக் கம்பியிலேயே கட்டளைகளையும் சேர்த்து அனுப்புவது அதன் உத்தி. மலிவானது, எளிதானது. ஆனால் அதன் அடிப்படையில் ஒரு குறை இருந்தது. கட்டளையை இருமுறை அனுப்பும், அவ்வளவுதான். விளக்கு அதைக் கேட்டதா என்பதைப் பொதுவாக அனுப்பிய கருவி அறியாது. விளக்கு எரியவில்லை என்பதை மனிதர்தான் கண்ணால் பார்த்து மறுபடியும் பொத்தானை அழுத்த வேண்டும்.

சொன்னது சென்றடைந்ததா என்று கேளாமல் சொல்லிவிட்டுப் போகும் முறைக்கு எதிரான பாடம் அதற்கு முன்னரே வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருந்தது.

ஹவாய்த் தீவுகளின் பாடம்

பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் ஹவாய்த் தீவுகளில் பல்கலைக்கழக வளாகங்களைக் கணினியால் இணைக்க வேண்டியிருந்தது. நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய குழுவினரும் தொலைபேசிக் கம்பிகளை விட்டுவிட்டு வானொலி அலைகளைத் தேர்ந்தெடுத்தனர். 1971இல் அலோஹா வலையமைப்பு இயங்கத் தொடங்கியது.

அதன் விதி மிக எளிமையானது. செய்தி இருந்தால் அனுப்பு. மைய நிலையம் அதைப் பெற்றதும் ஓர் ஒப்புகை அனுப்பும். பதிவுத் தபாலில் கையொப்பமிட்ட அட்டை திரும்பி வருமே, அதுபோல. ஒப்புகை வரவில்லையென்றால் செய்தி வழியில் அழிந்துவிட்டது என்று பொருள். அப்போது ஏதோ ஒரு குறிப்பில்லாத சிறு இடைவெளி விட்டு மீண்டும் அனுப்பு.

அந்தக் 'குறிப்பில்லாத இடைவெளி' என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சரியாக ஒரு வினாடி காத்திருந்து மறுபடி பேசினால் மறுபடியும் மோதிக்கொள்ளும். ஆளுக்கொரு விதமாகக் காத்திருந்தால் ஒருவர் முந்துவார், மற்றவர் பிந்துவார், இருவர் செய்தியும் போய்ச் சேரும்.

இப்படி எல்லாரும் நினைத்த நேரத்தில் பேசும் முறையில் அலைவரிசையின் நேரத்தில் உச்ச அளவாக 18.4 விழுக்காடு மட்டுமே பயன்படும் என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். நேரத்தைச் சமமான துண்டுகளாக்கி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேச வேண்டும் என விதித்தால் அது 36.8 விழுக்காடாக இரட்டிக்கும் என்பதை லாரி ராபர்ட்ஸ் 1972இல் காட்டினார். முறைவைத்துப் பேசினால் அதே காற்றில் இருமடங்கு பேசலாம்.

ஒப்புகை, மறுமுயற்சி, ஒழுங்கின்றிக் காத்திருத்தல் ஆகிய மூன்றும் இன்று நம் சுவரில் உள்ள சிறு உணரி வரைக்கும் வந்து சேர்ந்துள்ளன. இடி மின்னலால் கட்டடத்தில் மின்சாரம் போய்த் திரும்பும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே நொடியில் விழித்து 'நான் வந்துவிட்டேன்' என்று ஒன்றாகக் கத்தும். ஹவாயின் பாடத்தைக் கற்காத கருவிகள் அன்று முழுவதும் மோதிக்கொண்டே இருக்கும்.

கட்டடத்திற்குள் காற்று ஏன் ஏமாற்றுகிறது?

தீவுகளுக்கு இடையே திறந்த கடல் இருந்தது. கட்டடத்திற்குள் சுவரும் இரும்பும் மனிதரும் இருக்கின்றனர். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால்தான் அடுத்து வந்த முன்னேற்றங்களின் அருமை புரியும்.

1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைப் பகுதிகளை, பரவல் அலை முறையைப் பயன்படுத்தும் கருவிகளுக்கு உரிமம் இன்றித் திறந்துவிட்டது. அப்பகுதியில் நுண்ணலை அடுப்புகள் முன்னரே குடியிருந்தன. 1997இல் தரம் வகுக்கப்பட்ட வைஃபையும் புளூடூத்தும் பின்னர் வந்து சேர்ந்தன. 2003இல் மின்கலத்தில் இயங்கும் சிறு கருவிகளுக்கென ஐஇஇஇ 802.15.4 என்னும் தரம் வெளிவந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதற்கு 16 அலைவரிசைகள். வேகம் வினாடிக்கு 250 கிலோபிட், ஒரு செய்திப் பொதி 127 பைட்டுக்கு மேற்படாது. அதன் மீது எழுப்பப்பட்ட ஜிக்பீ என்ற முறை 2004இன் இறுதியில் உறுதி செய்யப்பட்டது. கட்டடக் கருவிகள் பெருமளவில் கம்பியை உதறியது இதன் பிறகுதான்.

இந்த அலைகளின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். ஒரு கருவி அனுப்பும் அலை நேராகவும் போகிறது, சுவரிலும் இரும்பு அலமாரியிலும் பட்டுத் தெறித்தும் போகிறது. இவை அனைத்தும் பெறும் கருவியிடம் ஒன்றுகூடுகின்றன. ஒன்றன் மேடும் மற்றொன்றன் மேடும் சேர்ந்தால் ஒலி வலுக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே கருவியை ஒரு சாண் தள்ளி வைத்தாலே கேட்பதும் கேளாததும் மாறிவிடக்கூடும். கருவி இருந்த இடத்திலேயே இருந்தாலும் யாரோ ஒருவர் அலமாரியை நகர்த்தினால் போதும், நேற்றுக் கேட்டது இன்று கேளாது.

இதனோடு மனித உடலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் உடலில் நீர் மிகுதி. இந்த அலைவரிசையில் நீர் அலைகளை உறிஞ்சும். வெறும் அறையில் தடையின்றிச் சென்ற அலை, நாற்பது பிள்ளைகள் நிறைந்த அறையில் நலிந்துவிடும். எங்கள் பள்ளியில் விடுமுறையில் நன்றாக இருந்தது பள்ளி திறந்ததும் ஏன் கெட்டது என்பதற்கு விடை இங்கேதான் இருந்தது. போதாக்குறைக்கு, கணினி அறையில் அத்தனை கணினிகளும் வைஃபையில் பேசத் தொடங்கியிருந்தன. வைஃபையின் ஓர் அலைவரிசை ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலமானது, இச்சிறு கருவிகளின் அலைவரிசையோ 2 மெகாஹெர்ட்ஸ்தான். திறனிலும் வைஃபை பன்மடங்கு பெரியது. முரசுக்கு அருகில் நின்று காதோடு பேசுவது போன்ற நிலை.

அளந்து பார்த்த ஆண்டு

தொடக்கக் காலப் பொறியாளர்கள் ஒரு வட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வரைபடம் போட்டார்கள். வட்டத்திற்குள் இருந்தால் கேட்கும், வெளியே இருந்தால் கேளாது. 2003இல் ஜெர்ரி சாவோ, ரமேஷ் கோவிந்தன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தைத் தகர்த்தது. ஏறத்தாழ 60 சிறு கருவிகளை அலுவலகக் கட்டடம், மரங்கள் அடர்ந்த பகுதி, திறந்த வாகன நிறுத்துமிடம் ஆகிய மூன்று சூழல்களில் வைத்து அவர்கள் அளந்தார்கள். கேட்கும் எல்லைக்கும் கேளா எல்லைக்கும் நடுவே அகன்ற ஒரு சாம்பல் பகுதி இருப்பது தெரிந்தது. அதற்குள் அருகருகே உள்ள இரு கருவிகளில் ஒன்றுக்கு நன்றாகக் கேட்கும், மற்றொன்றுக்குப் பாதிதான் கேட்கும். சற்று நேரத்தில் நிலை மாறவும் கூடும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், அவருடைய மறுமொழி இவருக்குக் கேளாது என்ற ஒருவழி உறவுகளும் பல இருந்தன.

அதே 2003இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் டி கூட்டோவும் தோழர்களும் இதற்கு ஒரு கணக்கை முன்வைத்தனர். அதுவரை செய்திக்கு வழி தேடும்போது தாவல்களின் எண்ணிக்கை குறைவாக உள்ள வழியே சிறந்தது எனக் கொண்டார்கள். ஒரே தாவலில் போக முடியுமானால் இரண்டு எதற்கு என்பது அவர்களின் எண்ணம். டி கூட்டோ குழுவினர் ஒரு செய்தி உறுதியாகப் போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணினார்கள்.

ஆறாம் ஆண்டு மாணவர்களும் போடத்தக்க கணக்கு இது. நேர்வழி ஒன்று இருக்கிறது. போகும்போது பாதி அழிகிறது, ஒப்புகை திரும்பும்போதும் பாதி அழிகிறது. இரண்டும் கைகூடும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆக, சராசரியாக நான்கு முறை அனுப்ப வேண்டும். மற்றொரு வழி இடையில் ஒரு கருவியைத் தொட்டு இரு தாவலில் போகிறது. ஒவ்வொரு தாவலிலும் போக்கிலும் வரவிலும் பத்தில் ஒன்பது பிழைக்கின்றன. தாவலுக்கு ஏறத்தாழ 1.23 முறை, இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.5 முறை. சுற்றி வந்த வழியே நேர்வழியைவிடச் சிக்கனமானது!

கருவிகள் ஒன்றின் செய்தியை மற்றொன்று வாங்கிக் கடத்தும் வலைப்பின்னல் முறைக்கு இந்தக் கணக்கு முதுகெலும்பாக அமைந்தது. நீண்ட பலவீனமான தொடர்பைவிடக் குறுகிய வலுவான தொடர்புகள் இரண்டு மேலானவை என்பதை அது எண்ணால் மெய்ப்பித்தது.

ஒரே இடத்தில் நில்லாதிருத்தல்

மறுமுயற்சி என்பது எல்லா நோய்க்கும் மருந்தாகுமா? பத்துக்கு ஒன்பது முறை வெற்றி தரும் தொடர்பில் மூன்று முறை முயன்றால் வெற்றி 99.9 விழுக்காடு எனக் கணக்குச் சொல்லும். ஆனால் அக்கணக்கு ஒவ்வொரு முயற்சியும் மற்றதைச் சாராதது எனக் கொள்கிறது. தெறித்த அலைகள் ஒன்றையொன்று அழித்த இடத்தில் உள்ள கருவிக்கு அதே அலைவரிசையில் நூறு முறை அனுப்பினாலும் கேளாது. மின்கலம்தான் தீரும். புரியாத மாணவனிடம் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொல்லிப் பயனில்லை என்பதை நாம் வகுப்பில் அறிந்திருக்கிறோம். வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அந்த வேறு விதத்துக்கான எண்ணம் போர்க்காலத்தில் தோன்றியது. திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் 1942 ஆகஸ்டு மாதம் ஒரு காப்புரிமை பெற்றனர். நீர்மூழ்கிக் குண்டை வானொலியால் செலுத்தும்போது பகைவர் அந்த அலைவரிசையைக் கண்டறிந்து குலைத்துவிடாதபடி, அனுப்புவதும் பெறுவதும் ஒரே ஒழுங்கில் அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும். பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளை அவர்கள் குறித்தனர். இத்தகைய எண்ணம் அவர்களுக்கு முன்பும் சிலருக்குத் தோன்றியதுண்டு. அமெரிக்கக் கடற்படை அதனை அப்போது கையாளவில்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து, பகைவரே இல்லாத கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் அதே எண்ணம் உயிர்பெற்றது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கிறிஸ் பிஸ்டர் 1990களின் பிற்பகுதியில் தூசி அளவுக் கருவிகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக 2002இல் டஸ்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனம் பிறந்தது. பெர்க்லியில் ஓர் அச்சுத் தொழிற்சாலையில் 44 கருவிகளை வைத்து ஏறத்தாழ நான்கு வாரம் அவர்கள் பதிவு செய்தார்கள். ஒரே இரு கருவிகளுக்கு இடையிலேயே ஓர் அலைவரிசை நன்றாகவும் மற்றொன்று மோசமாகவும் இருப்பதையும், அதுவும் நாளுக்கு நாள் மாறுவதையும் கண்டார்கள். எந்த அலைவரிசையும் எல்லாத் தொடர்புக்கும் எப்போதும் நல்லதாக இருந்துவிடவில்லை.

எனவே அவர்கள் வகுத்த முறையில் எல்லாக் கருவிகளும் தம் கடிகாரங்களை ஒன்றாக வைத்துக்கொள்கின்றன. நேரம் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. இன்ன துண்டில் இன்னவர் இன்ன அலைவரிசையில் பேசுவார் என்று அட்டவணை உண்டு. ஒப்புகை வராவிட்டால் மறுமுயற்சி வேறு அலைவரிசையில், தேவையானால் வேறு அண்டைக் கருவியின் வழியாகவும் நிகழும். தன் முறை இல்லாத நேரத்தில் கருவி உறங்கலாம். ஆகையால் மின்கலமும் நீடிக்கும். 2007இல் தொழிற்சாலைகளுக்காக வெளிவந்த வயர்லெஸ்ஹார்ட் தரம் இந்த வழியைப் பின்பற்றி, பத்து மில்லிவினாடித் துண்டுகளைக் கையாண்டது. 2012இல் ஐஇஇஇ தரத்திலும் இம்முறை இடம்பெற்றது.

கட்டடங்களில் பரவிய ஜிக்பீ வலையமைப்போ பொதுவாக ஒரே அலைவரிசையில் நிற்பது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில், இரைச்சல் மிகுந்தால் வலையமைப்பு முழுவதும் வேறு அலைவரிசைக்கு இடம்பெயரும் வசதி சேர்க்கப்பட்டது. வைஃபை 1, 6, 11 ஆகிய அலைவரிசைகளைக் கையாளும் இடத்தில் 15, 20, 25, 26 ஆகியவை இச்சிறு கருவிகளுக்கு ஓரளவு ஓய்வான இடங்கள். பொருத்துகிறவர் இதனை அறிந்து தேர்ந்தெடுத்தால் பாதித் தொல்லை குறையும்.

அடக்கமாகப் பேசுதல்

வலையமைப்பு நம்பகமாக இருக்க வேண்டுமானால் தேவையற்ற பேச்சும் குறைய வேண்டும். பிலிப் லெவிஸும் தோழர்களும் 2004இல் வெளியிட்ட டிரிக்கிள் என்னும் முறை அழகானது. ஒரு கருவி தன்னிடம் உள்ள செய்தியின் பதிப்பு எண்ணை அண்டையாரிடம் சொல்ல எண்ணுகிறது. அதற்குள் அண்டைக் கருவிகள் சில அதையே சொல்லிவிட்டால் தான் பேசாமல் அடங்கிவிடுகிறது. எல்லாரும் ஒத்திருந்தால் இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஒருவரிடம் மாறுபட்ட செய்தி இருப்பது தெரிந்தால் உடனே இடைவெளி சுருங்கி, புதிய செய்தி விரைந்து பரவும்.

இதற்கு நேர்மாறான ஒரு சூழலும் உண்டு. ஜெர்மனியில் சீமென்ஸிலிருந்து பிரிந்து 2001இல் தோன்றிய என்ஓஷன் நிறுவனம் மின்கலமே இல்லாத விளக்குப் பொத்தானை உருவாக்கியது. விரலால் அழுத்தும் விசையே மின்சாரமாகிறது. அந்தத் துளி மின்சாரத்தில் ஒப்புகைக்குக் காத்திருக்க இயலாது. எனவே அதே செய்தியை ஒழுங்கற்ற இடைவெளிகளில் மும்முறை, கண் இமைக்கும் நேரத்திற்குள் அனுப்பிவிடுகிறது. ஒன்று மோதினாலும் மற்றொன்று தப்பும். ஏழைக்கு ஏற்ற வகையிலும் நம்பகத்தைத் தேட முடியும் என்பதற்கு இது சான்று.

2014இல் அறிவிக்கப்பட்ட திரெட் முறையும், அதையும் வைஃபையையும் பயன்படுத்தி 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் தரமும் இந்த வரலாற்றின் அண்மைய பக்கங்கள். திரெட் வலைப்பின்னலில் தலைமைக் கருவி பழுதானால் மற்றொன்று தானே அப்பொறுப்பை ஏற்கும்.

மௌனம் நலமன்று

இவ்வளவும் படித்த பின் எங்கள் பள்ளிக் கருவிகளைப் பொருத்தியவர்களோடு தலைமையாசிரியர் பேசியபோது நானும் உடனிருந்தேன். நடுவண் கருவி அலுவலகத்தில் ஓர் இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது! அதை வெளியே எடுத்துச் சுவரில் உயரமாக மாட்டினார்கள். நடைவழியில் கடத்தும் கருவிகள் இரண்டைச் சேர்த்தார்கள். வைஃபைக்கு விலகிய அலைவரிசைக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் மறுபடி சோதித்தார்கள். தொல்லை பெரும்பாலும் நின்றது.

இருப்பினும் என் மனத்தை உறுத்திய குறை வேறு. தொடர்பு அறுந்த பின்னும் அலுவலகத் திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்ததே, அதுதான். வருகைப் பதிவின்போது குரல் கொடுக்காத மாணவனை வந்துவிட்டான் என்று யாரும் குறிப்பதில்லை. குளிர்சாதனத்தில் இது வெறும் வியர்வையோடு போகும். அதே கட்டடத்தில் நாளை புகை உணரியையும் கம்பியின்றிப் பொருத்தினால் என்ன ஆகும்? கம்பியில்லாத் தீ எச்சரிக்கைக் கருவிகளுக்கென ஐரோப்பாவில் 2008இல் வந்த இஎன் 54-25 என்னும் தரம் இதைத் தெளிவாக உணர்ந்திருக்கிறது. கருவியோடு தொடர்பு அறுந்தால் குறித்த காலத்திற்குள் அதைப் பழுதாக அறிவித்தே ஆக வேண்டும் என்கிறது. வானொலி அலை என்றோ ஒருநாள் தவறும் என்பதை ஏற்றுக்கொண்டு, தவறும்போது மறைக்காதே என்று அது விதிக்கிறது.

அலோஹா முதல் இன்றுவரை வளர்ந்த நம்பகத்தின் சாரமும் இதுவே என எண்ணுகிறேன். காற்று நம்பத்தக்கதாக என்றும் மாறியதில்லை. அதை நம்பாமல் ஒப்புகை கேட்டவர்கள், முறைவைத்தவர்கள், மாற்றுவழி வைத்திருந்தவர்கள் ஆகியோரே நம்பகமான வலையமைப்பைக் கட்டினார்கள்.

ஆகவே, உங்கள் பள்ளிக்கோ சங்கக் கட்டடத்திற்கோ கோயில் மண்டபத்திற்கோ இத்தகைய வசதியை யாரேனும் செய்து தர முன்வந்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். கூடவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆட்கள் நிறைந்திருக்கும்போது சோதித்தீர்களா? ஒரு வழி அடைபட்டால் செய்திக்கு வேறு வழி உண்டா? தொடர்பு அறுந்தால் அது எங்களுக்கு எப்படித் தெரியும்? இவற்றுக்கு விடை சொல்ல முடியாதவர்களிடம் பெற்றோர் சேர்த்த பணத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

இப்போது எங்கள் நடுவண் கருவியின் திரையில், பேசாத உணரிக்கு நேரே சிவப்புக் குறி தோன்றுகிறது. சென்ற வாரம் பணியாளர் வகுப்பறைக் கதவோரம் வந்து நின்றார். பழக்கத்தால் பாடத்தை நிறுத்தினேன். "ஒன்னுமில்ல டீச்சர், சும்மா இந்தப் பக்கமா போனேன். நீங்க நடத்துங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஜான்சன் ஐயாவை நினைத்துக்கொண்டே பாடத்தைத் தொடர்ந்தேன்.